1930களின் சென்னை உடையை இன்றைய அலுவலகத்துக்கு அன்றாடம் அணிவது எப்படி?

கேள்வி: தாம்பரம் பயணி

அனைவருக்கும் வணக்கம். நுங்கம்பாக்கத்தில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். நாள்தோறும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சென்று வருகிறேன். 1914இல் தொடங்கப்பட்ட இராணி மேரி கல்லூரி, அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட மகளிர் கிறித்துவக் கல்லூரி ஆகியவற்றின் பழைய குழுப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பெண்கள் உடுத்தியிருக்கும் முறை என்னை ஈர்க்கிறது. விசேஷத்துக்குப் புறப்பட்டவர்களாக அவர்கள் தோன்றவில்லை. படிக்கவும் கற்பிக்கவும் மருத்துவம் பார்க்கவும் போகிறவர்களுக்கு உரிய நிமிர்வு அந்த உடையில் இருக்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல் என்பதால், அந்தப் பத்தாண்டையே என் மனத்தில் வைத்திருக்கிறேன்.

அந்தச் சாயலில், வாரத்தில் பாதி நாட்களாவது அலுவலகத்துக்கு உடுத்திச் செல்ல விரும்புகிறேன். பார்ப்பவர்களுக்கு மாறுவேடப் போட்டி நினைவுக்கு வரக்கூடாது. வாடிக்கையாளர் முன்னால் அமர்ந்து கணக்குப் பேசும்போது என் உடை பேச்சுப்பொருளாகவும் ஆகக்கூடாது. நடைமேடையில் வியர்த்துக் கொட்டும், அலுவலகத்துக்குள் குளிர்சாதனம் நடுங்க வைக்கும். இரண்டையும் தாங்கும் துணி வேண்டும். பட்டு வேண்டாம். வீட்டிலேயே துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

அம்மாவின் பழைய கைத்தறிப் பருத்திச் சேலைகள் சில என்னிடம் இருக்கின்றன. சிக்கல் ரவிக்கையில்தான். எங்கள் தெருத் தையற்காரரிடம் ஒரு பழைய படத்தைக் காட்டியபோது, “இதெல்லாம் இப்போது யாரும் போடுவதில்லை அம்மா” என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதிலிருந்து தொடங்குவது, எதைத் தவிர்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பழம்படச் சேகரிப்பாளர்

வணக்கம் அம்மா. பத்தாண்டை முதலிலேயே முடிவு செய்துவிட்டீர்கள் என்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. “பழங்காலம்” என்று மொத்தமாக எடுத்துக்கொள்பவர்கள்தாம் ஐம்பது ஆண்டுகளை ஒரே உடம்பில் சுமக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில், படித்த குடும்பங்களின் படங்களில் காண்பது கழுத்தை ஒட்டிய ரவிக்கை, அதன் ஓரத்தில் லேஸ், மணிக்கட்டு வரையோ முழங்கைக்குக் கீழ் வரையோ இறங்கும் கை, தோளில் சேலையைப் பிடித்திருக்கும் புரோச். அன்றைய ஆங்கிலேயப் பெண்களின் மேலாடையை ஒட்டி அமைந்த பாணி அது. 1894இல் தொடங்கப்பட்ட, ஓவியர் ரவிவர்மாவின் அச்சகம் வெளியிட்ட படங்கள் வீட்டுச் சுவர்தோறும் தொங்கியதும் அத்தோற்றத்தைப் பரப்பியது. 1930களுக்கு வரும்போது கழுத்து இறங்குகிறது, கை முழங்கைக்கு மேலே ஏறுகிறது, தோளில் சிறு பஃப் வருகிறது, லேஸ் பெரும்பாலும் மறைகிறது. சென்னையின் வெயிலுக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் இந்த இரண்டாவது வடிவமே ஏற்றது.

படங்களைப் பார்க்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் என்றால், அதில் இருப்பது அந்த வீட்டின் மிகச் சிறந்த உடை. அன்றாட உடையைக் காண வேண்டுமானால் வகுப்பறை, மருத்துவமனை, சங்கக் கூட்டம் ஆகியவற்றில் எடுத்த படங்களைத் தேட வேண்டும். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் சட்டமன்றத்திலும் பணியாற்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படங்களிலிருந்து தொடங்குங்கள். வேலைக்குப் போன பெண் ஒருவர் பல பத்தாண்டுகளில் எவ்வாறு உடுத்தினார் என்பதை வரிசையாகப் பார்க்க முடியும்.

இரண்டாவது செய்தி நிறம் பற்றியது. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட புகைப்படத் தகடுகளும் சுருள்களும் சிவப்பு ஒளியை உணராதவை. நீலத்தை மிகையாக உணர்பவை. அதனால் அரக்குச் சேலை ஏறக்குறையக் கறுப்பாகவும், நீலச் சேலை வெளிறிய சாம்பலாகவும் பதிவாகியிருக்கும். படத்தில் கறுப்பாகத் தெரிகிறதே என்று கறுப்புச் சேலையைத் தேடிப் போக வேண்டாம். அரக்கு, மிளகாய்ச் சிவப்பு, காவி ஆகிய எதுவாகவும் அது இருந்திருக்கலாம்.

பார்வையிட இடம் கேட்டால், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அக்கால இதழ்கள் இருக்கின்றன. விளம்பரப் பக்கங்களை ஊன்றிப் பாருங்கள். அதற்கும் முன்னால் உங்கள் உறவினர் வீட்டு ஆல்பங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் கருத்தில், ஒரு நாளைக்குப் பழையவற்றிலிருந்து இரண்டு போதும். பஃப் கையும் பழைய கரையும் போட்டால், தலைமுடியையும் காலணியையும் இன்றையபடி விட்டுவிடுங்கள். புரோச், ஜிமிக்கி, வட்டக் கொண்டை, பூ என்று எல்லாம் சேர்ந்தால்தான் அது நாடக மேடைக்குப் போய்விடுகிறது.

மறுமொழி: மந்தைவெளித் தையற்கலைஞர்

சகோதரி, உங்கள் தையற்காரர் மறுத்ததற்கு மனமில்லாமை மட்டும் காரணமாக இராது. இன்று பெரும்பாலான கடைகளில் நாம் கொடுக்கும் அளவு ரவிக்கையை விரித்து வைத்து அதன்படியே வெட்டுகிறார்கள். “இதே அளவு, கை மட்டும் பஃப்” என்று சொன்னால், தோள்பட்டை இன்றைய அளவிலேயே நின்று, பஃப் தோளின் மேல் அமராமல் புயத்தில் சரிந்து தொங்கும். தோளின் நீளத்தை இருபுறமும் அரை அங்குலமாவது குறைத்தால்தான் சுருக்கங்கள் எலும்பின் மேல் நிமிர்ந்து நிற்கும். படத்தில் நீங்கள் கண்ட நிமிர்வில் பெரும்பகுதி அந்த அரை அங்குலத்தில் இருக்கிறது என்பேன்.

கையை வெட்டும்போது, சாதாரணக் கையின் காகித வடிவை நடுவில் நெடுக்காகப் பிளந்து, இரண்டரை அங்குலம் விரித்து, மேல் வளைவை முக்கால் அங்குலம் உயர்த்தி வரையச் சொல்லுங்கள். திருமண ரவிக்கைகளில் நான்கு ஐந்து அங்குலம் விரிப்பார்கள். அலுவலகத்துக்கு அது வேண்டாம். சுருக்கத்தைக் கைக்குழி முழுவதும் பரப்பாமல், தோள் தையலுக்கு முன்னும் பின்னும் இரண்டு இரண்டு அங்குலத்துக்குள் அடக்க வேண்டும். அக்குளில் சுருக்கம் வந்தால் ரயில் கைப்பிடியைப் பிடிக்கும்போது உறுத்தும், வியர்வையில் துணி சீக்கிரம் நைந்தும் போகும். கை முடிவில் முக்கால் அங்குலப் பட்டி வைத்து, புயச் சுற்றளவோடு ஓர் அங்குலம் தளர்வு விடுங்கள். மொத்தக் கை நீளம் ஏழு அங்குலம் இருந்தால் முழங்கைக்கு மேலே அழகாக நிற்கும்.

ரவிக்கையின் உயரத்தையும் கவனியுங்கள். இன்று பதினான்கு அங்குலத்தில் நிறுத்துகிறார்கள். பதினைந்தரை வரை இறக்குங்கள். அக்கால ரவிக்கை இடுப்பைத் தொடும், உடலை இறுக்கிப் பிடிக்காது. பிரின்சஸ் கட், கிண்ணத் தையல் ஆகியவை பிற்காலத்தவை. இடுப்புக் கோட்டிலிருந்து இரண்டு டாட் (துணி உடலோடு பொருந்த உள்ளே மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) போதும். கழுத்து முன்புறம் ஐந்தரை, பின்புறம் மூன்றரை, வட்டமாக. பின்கழுத்தில் முடிச்சுக் கயிறு வேண்டாம். முன்புறம் ஹூக் பட்டி வைத்து, அதன் மேல் சிறிய துணிப் பொத்தான்கள் வரிசையாகத் தைத்தால் போதும். லேஸ் இல்லாமலேயே காலம் தெரியும்.

துணிக்கு டூ பை டூ ரூபியா என்னும் மெல்லிய ரவிக்கைத் துணி நன்றாக இருக்கும், ஆனால் பஃப் தளர்ந்துவிடும். பாப்ளின் அல்லது கைத்தறி முழுப்பருத்தி எடுத்தால் லைனிங் இல்லாமலேயே நிற்கும். லைனிங் தவிர்ப்பது சென்னைக் கோடையில் பெரிய நன்மை. வழக்கமான எண்பது சென்டிமீட்டருக்குப் பதில் ஒரு மீட்டர் வாங்கி, தைப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கொடுங்கள். கோடவுன் தெருவில் கட் பீஸ் வாங்கினால் இதை மறக்கவே கூடாது, ஏனென்றால் சுருங்காத துணி என்று சொல்லிக் கொடுப்பதும் முதல் சலவையில் சுருங்குவதுண்டு.

முதலில் ஒரே ஒரு ரவிக்கை, வெள்ளை அல்லது சந்தன நிறத்தில், தைத்துப் பாருங்கள். உங்கள் சேலைகள் பலவற்றுக்கும் அது பொருந்தும். அக்காலத்தில் சேலையோடு ஒட்டிய ரவிக்கைத் துணி என்ற கட்டாயமும் இருக்கவில்லை.

மறுமொழி: நெசவுக் குடும்பத்தவர்

ரவிக்கையைப் பற்றித் தையற்கலைஞர் அக்கா சொன்ன பிறகு சேர்க்க எதுவுமில்லை. சேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடையில் “எத்தனை எண் நூல்” என்று கேளுங்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே நூலின் எண். எண் கூடினால் நூல் மெல்லியது. 60ஆம் எண் பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) உள்ள சேலை கனமாக, மடிப்பு நிற்கும்படி இருக்கும். 80ஆம் எண், அலுவலகத்துக்கு நான் பரிந்துரைப்பது. 100க்கு மேல் போனால் தழைவாக இருக்கும், ஆனால் உடல் தெரியும், கூட்டத்தில் சீக்கிரம் கசங்கும்.

உங்கள் காலத்துக்கு நெருக்கமானவை என்றால் காஞ்சிப் பருத்தி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி ஆகிய மூன்றையும் சொல்வேன். கண்டாங்கியின் பெருங்கட்டமும் அகலக் கரையும் தூரத்திலிருந்தே தெரியும். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு ஆகியவை அதன் பழைய நிறங்கள். 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய கண்டாங்கி அகலம் குறைந்தது, கணுக்காலுக்கு மேலேயே நிற்கும். வேலை செய்கிறவர்கள் கட்டிய சேலை அல்லவா. இன்று நாற்பத்தெட்டு அங்குல அகலத்தில் நெய்கிறார்கள். நீங்கள் விரும்பினால் இடுப்பில் சற்றுக் கூடுதலாகச் செருகிப் பாதம் தெரியும்படி கட்டுங்கள். மாம்பலம் நிலையப் படிக்கட்டில் அது எவ்வளவு உதவும் என்று உங்களுக்கே தெரியும். காஞ்சிப் பருத்தியில் ருத்ராட்சக் கரை, கோபுரக் கரை, தாழம்பூ ரேக்கு ஆகியவை பழையவை. ஜரிகை இல்லாத நூல் கரையாகக் கேட்டு வாங்குங்கள்.

இயற்கைச் சாயமே வேண்டும் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். 1930களின் உடைக்கு அது கட்டாயமில்லை. செயற்கை அவுரி 1897இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அலிசரின் என்னும் செயற்கைச் சிவப்புச் சாயம் அதற்கும் முந்தையது. நீங்கள் தேர்ந்தெடுத்த பத்தாண்டில் தறிகளில் ஏறியவற்றில் பெரும்பகுதி இரசாயனச் சாய நூலாகவே இருந்திருக்கும். சாயம் நிற்கிறதா என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சேலையின் அரக்குக் கரையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டை சிவந்தால், அந்தச் சேலையை வெள்ளை ரவிக்கையோடு மழைநாளில் உடுத்தாதீர்கள். சாயம் விடுவதையே பெருமையாக விளம்பரப்படுத்தி 1950களின் இறுதியில் நம் மெட்ராஸ் கட்டத் துணியை அமெரிக்காவில் விற்றார்கள். அதை அங்கே சட்டையாகப் போட்டார்கள். நமக்குச் சேலை, அதன்கீழ் ரவிக்கை, அதன்கீழ் பாவாடை என்று மூன்று துணி கெட்டுப்போகும்.

கஞ்சி விஷயத்தில் கடைக் கஞ்சிப் பொடியைவிட வடிகஞ்சி நல்லது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு தம்ளர் வடிகட்டிய கஞ்சி போதும். மொடமொடவென்று போட்டால் ரயில் நெரிசலில் மடிப்பு உடைந்து கோடுகள் விழும். சேலை சிறிது ஈரமாக இருக்கும்போதே கரையை இழுத்து நேராக்கி மடித்து வைத்தால் இஸ்திரி பாதியாகக் குறையும்.

1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸும் உங்கள் பத்தாண்டைச் சேர்ந்ததே. எழும்பூர் பாந்தியன் சாலைக் கடையில் போய் நின்று, விரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். தறிச் சேலையின் கரையை விரலால் தடவாமல் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மறுமொழி: வரலாற்று ஆய்வு மாணவி

தோழிக்கு வணக்கம். தையலும் துணியும் தெளிவாகிவிட்டன. கட்டும் முறையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் “பழைய சென்னை உடை” என்று தேடினால் பெரும்பாலும் மடிசார்ப் படங்களே முன்னால் வருகின்றன. அக்காலத்தில் ஒரு பெண் எவ்வாறு சேலை கட்டியிருக்கிறாள் என்பதைக் கொண்டே அவள் எந்தச் சாதி, மணமானவளா, கைம்பெண்ணா என்பதைத் தெருவில் போகிறவர்கள் கணித்தார்கள். ரவிக்கை அணியும் உரிமையே எல்லோருக்கும் கிடைத்திருக்கவில்லை. இன்று குமரி மாவட்டமாக உள்ள பகுதியையும் உள்ளடக்கிய திருவிதாங்கூரில், மேலாடைக்காகச் சாணார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடிய பிறகுதான் 1859இல் அரசு ஆணை பிறந்தது. அடியும் அவமானமும் பட்டுப் பெற்றது அந்த உரிமை. ஆகவே கடந்தகாலத்தின் உடையை எடுத்து உடுத்தும்போது, யாருடைய கடந்தகாலம் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது வேலைக்குப் போன பெண்களின் உடை என்பதால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முன்கொசுவம் வைத்து, முந்தானையை இடத்தோளில் இட்டுக் கட்டும் ஆறு கஜக் கட்டு கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் பரவியபோது, எந்தச் சமூகத்துப் பெண்ணும் கட்டக்கூடிய பொதுக்கட்டாக அது ஆனது. நீங்கள் இப்போது கட்டுவதும் அதுதான், எதையும் மாற்றவேண்டியதில்லை. பின்கொசுவமும் உழைக்கும் பெண்களின் கட்டுத்தான், அதை விரும்பினால் தயங்காமல் கட்டலாம். நாள் முழுவதும் நாற்காலியில் சாய்ந்து அமர்பவருக்குக் கொசுவம் முதுகை உறுத்தும் என்பதால் மட்டுமே அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

அந்தப் பத்தாண்டில் துணியே அரசியலாக இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். அதன் பிறகு கதர் உடுத்துவது ஒரு நிலைப்பாட்டை அறிவிப்பதாகவே கருதப்பட்டது. அந்நியத் துணிக் கடைகளின் முன் மறியல் செய்து சிறை சென்ற சென்னைப் பெண்களில் எஸ். அம்புஜம்மாளும் ஒருவர். மறுபுறம், சுயமரியாதை இயக்கம் பெண்களின் நகைச்சுமையையும் உடைக் கட்டுப்பாடுகளையும் கேள்வி கேட்டது. பெண்கள் ஆண்களைப் போல உடுத்தலாம், முடியை வெட்டிக்கொள்ளலாம் என்று பெரியார் வெளிப்படையாகவே எழுதினார். இந்த இரண்டு தரப்பிலும் இருந்த பெண்கள் நகையைக் குறைத்தார்கள். உங்கள் அலுவலகத்துக்குத் தேவைப்படும் எளிமைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா? ஒரு சிறு தோடு, ஒரு கைக்கடிகாரம், அவ்வளவே போதும்.

மறுமொழி: உயர் நீதிமன்றச் சாலையோரம்

ஆண்களுக்கும் இதே ஆசை உண்டு என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். மூடிய கழுத்துள்ள கோட்டும் எட்டு முழ வேட்டியும் அக்காலச் சென்னையில் ஆசிரியர்களும் அலுவலர்களும் அணிந்த உடை. இன்று லைனிங் இல்லாத கதர்க் கோட்டு ஒன்றைத் தைத்துக்கொண்டால், பேன்ட்டுடனும் போடலாம், வேட்டியுடனும் போடலாம். 2019இல் தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு வந்த ஆணையிலேயே ஆண்களுக்கு வேட்டி அனுமதிக்கப்பட்ட உடையாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களில் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்று 2014இல் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் அது மன்றங்கள் போன்ற இடங்களைப் பற்றியது. தனியார் அலுவலகத்தின் உடை விதியை அதைக் காட்டி மாற்ற முடியாது. மனிதவளப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மறுமொழி: தாம்பரம் பயணி

இத்தனை அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சந்தன நிறப் பாப்ளினில் ஒரு ரவிக்கை, அதனோடு அம்மாவின் ருத்ராட்சக் கரை போட்ட அரக்குக் காஞ்சிப் பருத்தி, சாதாரணத் தோல் செருப்பு, பின்னல் என்று முடிவு செய்திருக்கிறேன். கைக்குட்டைச் சோதனையைச் செய்தேன். கரை நிறம் விடவில்லை. ஆய்வு மாணவி எழுதியதைப் படித்த பிறகு, நகையைப் பற்றி எனக்கிருந்த குழப்பமும் நீங்கிவிட்டது.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. அலுவலகக் குளிருக்கு மேலே ஏதேனும் போட்டால் பஃப் நசுங்கிவிடுமா? அலைபேசியையும் ரயில் பயண அட்டையையும் எங்கே வைத்துக்கொள்வது? கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைப் பட்டையும் முந்தானையில் சிக்குகிறது.

மறுமொழி: மந்தைவெளித் தையற்கலைஞர்

கோட்டு, கார்டிகன் எதுவும் வேண்டாம் சகோதரி, நிச்சயம் நசுங்கும். முந்தானையை மடிப்பு வைக்காமல் விரித்து விட்டு, குளிரும்போது வலத்தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளுங்கள். 80ஆம் எண் பருத்திக்கு அந்தக் கனம் இருக்கிறது. துவைத்த பிறகும் பஃப் நிற்க வேண்டுமானால், கையின் உட்புறம் தோள் தையலோடு சேர்த்து இரண்டு அங்குல அகல ஆர்கண்டி (விறைப்பான மெல்லிய பருத்தித் துணி) பட்டை ஒன்றைச் சுருக்கித் தைக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியாது, உடம்பிலும் குத்தாது.

பயண அட்டைக்கும் சில்லறைக்கும் நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையே போதும்; ரவிக்கையில் மீந்த துணியிலேயே தைத்துவிடலாம். அலைபேசிக்கு அது தாங்காது. உள்பாவாடையின் வலப்புறத் தையலில் ஏழு அங்குல ஆழத்துக்குப் பை வைத்து, அதன் வாயை நாடாப் பட்டியோடு சேர்த்துத் தைத்தால் கனம் இழுக்காது. கொசுவத்துக்குச் சற்று வலப்பக்கமாக இருந்தால் உட்காரும்போதும் தொந்தரவில்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டாமல், தோளில் முந்தானையைப் பிடிக்கும் ஊசியிலேயே சிறு கொக்கி வைத்து மாட்டிவிடுங்கள். ஊசியில் ஒரு மணியைக் கோத்துக்கொண்டு குத்தினால், ஊசியின் வளைவில் நூல் சிக்கிச் சேலை கிழியாது.